தொண்ணூற்று ஒன்றாம் நாளின் தாள்

அண்ணா,

போன மாதம் நம் அலுவலகத்தை மாடிக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் சுவர் ஊறுகிறது, கேஸ் கட்டெல்லாம் பூசணம் பிடிக்கிறது என்று நீங்களும் நானும் மாறி மாறி எழுதிப் போட்ட கடிதங்களுக்கு இப்போதுதான் கருணை பிறந்தது. உங்கள் மேசையை நகர்த்தியபோது சுவரோரம் அந்தக் கம்பி கிடந்தது. கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி வளைந்த கம்பி. அதில் தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரே ஒரு தாள். மூலையைக் கரப்பான் தின்றிருந்தது. திவ்யா எடுத்து நீட்டி, இது சாருடையதா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த கட்டைத் தூக்கப் போய்விட்டாள். நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் உங்கள் பென்சில் எழுத்து. படித்து முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே பீரோ இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எனக்குப் பேச வாய் எப்போதும் உண்டு என்று நீங்களே கேலி செய்வீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் வரவில்லை.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? காசு கொடுத்து வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு அரசாங்கமே வக்கீல் கொடுக்கும் அலுவலகம், புதிதாகத் திறந்தது, நான் தலைமை, நீங்கள் துணைத் தலைமை, கீழே மூன்று உதவி வழக்கறிஞர்கள். வயதில் நீங்கள் என்னைவிட ஒன்பது வருஷம் மூத்தவர். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். இருபது வருஷம் தனியாக வக்கீல் தொழில் பார்த்தவர். நானோ சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும், நடக்காவிட்டால் யாரையாவது திட்ட வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள். அலுவலகத்துக்கென்று ஒரே ஒரு சுழல் நாற்காலி வந்திருந்தது. நீங்கள் உட்காருங்கள் அண்ணா என்றேன், மரியாதைக்கு. நீங்கள் கையை ஆட்டிவிட்டீர்கள். "வேண்டாம் அம்மிணி. எனக்கு நின்ன எடத்துலயே தலை சுத்தும். இது வேற சுத்தோணுமா?"

அன்றிலிருந்து அடுத்தவர்கள் முன்னால் நான் மேடம், இருவர் மட்டும் இருந்தால் அம்மிணி.

உங்கள் காலண்டரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஊர் வெற்றிலை மண்டியில் கொடுத்த தினசரிக் காலண்டரைக் கொண்டுவந்து மேசைக்குப் பின்னால் மாட்டினீர்கள். யாராவது ரிமாண்ட் ஆனால் அன்றைக்கே கணக்குப் போட்டு, அறுபத்தொன்றாம் நாளோ தொண்ணூற்று ஒன்றாம் நாளோ எந்தத் தேதியில் விழுகிறதோ அந்தத் தாளில் அவன் பெயரைப் பென்சிலால் எழுதி வைப்பீர்கள். நம் ஆட்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கதவு அது ஒன்றுதான். அந்த நாளுக்கு முன்னால் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் உள்ளே இருப்பவனுக்கு ஜாமீன் உரிமை. எந்தக் குற்றமானாலும் சரி. ஆனால் அவன் கேட்க வேண்டும். அவன் கேட்பதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை உள்ளே வந்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் முந்தினாலும் மூடியது மூடியதுதான்.

நான் கம்ப்யூட்டரில் அழகாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. நீங்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டு போனா இதுக்கு மறந்துருமுங்க. காலண்டருக்கு மறக்காது" என்றீர்கள். காலையில் தாளைக் கிழிப்பீர்கள். பெயர் இருந்தால் மனு போகும். ஆள் வெளியே வந்ததும் தாள் குப்பைக்கூடைக்குப் போகும். வராமல் போனால்தான் கம்பியில் குத்துவது என்று உங்களுக்கு ஒரு வழக்கம். இரண்டு வருஷத்துக்கு மேல் கம்பி காலியாகவே இருந்தது. அதைத் துணியால் துடைத்து வேறு வைப்பீர்கள்.

ஜெயிலுக்குப் போனால் நம் கட்சிக்காரனிடம் முதலில் கேஸ் கேட்க மாட்டீர்கள். "சாப்பிட்டியா சாமி?" என்பீர்கள். இருபது வயதுக்காரனும் சாமி, அறுபது வயதுக்காரனும் சாமி. நான் அரை மணியில் நான்கு பேரிடம் பேசி முடித்திருப்பேன். நீங்கள் அதே ஆளிடம் உட்கார்ந்து அவன் ஊரில் தண்ணீர் வந்ததா, ஆடு குட்டி போட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர்கள் உண்மையை உங்களிடம்தான் சொன்னார்கள். உதவி வழக்கறிஞர்களும் சந்தேகம் என்றால் என் அறையைத் தாண்டி உங்கள் மேசைக்குத்தான் போனார்கள்.

அது எனக்கு உறுத்தியது அண்ணா. பொறாமை என்றே எழுதிவிடுகிறேன்.

பிறகு அந்தத் தப்பான மனு வந்தது. நம் பையன்களில் ஒருவன் பழைய மனுவை நகல் எடுத்து, பெயரையும் குற்ற எண்ணையும் மாற்ற மறந்து அப்படியே தாக்கல் செய்துவிட்டான். ஜாமீன் கேட்டது ஒருவனுக்கு, மனுவில் இருந்தது இன்னொருவன். மாஜிஸ்திரேட் திறந்த கோர்ட்டில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த ஆபீஸை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். மொத்தக் கோர்ட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. காது மடலெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. அன்று சாயங்காலமே ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்: என் சுருக்கொப்பம் இல்லாமல் எந்த மனுவும் இந்த அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

நீங்கள் அதை நின்று இரண்டு தடவை படித்தீர்கள். எல்லோரும் போன பிறகு என் அறைக்கு வந்தீர்கள்.

"அம்மிணி, மத்ததுக்கெல்லாம் சரிதானுங்க. நாள் கணக்கு மனுவ மட்டும் உட்டுருங்க. அது காத்துக்கிட்டு நிக்காது."

விதி என்றால் எல்லாவற்றுக்கும்தான் அண்ணா என்றேன். ஒன்றுக்கு விட்டால் எல்லாம் அப்படியே கழன்றுபோகும் என்று வேறு விளக்கம் சொன்னேன். நீங்கள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனீர்கள்.

மூன்றே வாரத்தில் நீங்கள் அதை மீறினீர்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நகைத் திருட்டு வழக்கு, அறுபத்தொன்றாம் நாள். நான் செஷன்ஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் நின்றிருந்தேன். என்னைக் கூப்பிட முடியாது என்று நீங்களே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்துவிட்டீர்கள். அவள் மறுநாளே வெளியே வந்தாள். நியாயமாக நான் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் மெமோ கொடுத்தேன். தனியாகக் கூப்பிட்டும் கொடுக்கவில்லை. காலைக் கூட்டத்தில், மூன்று உதவி வழக்கறிஞர்களும் உட்கார்ந்திருக்க, இனி இப்படி நடந்தால் பணி நீட்டிப்புக்குப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதியதை வாசித்துவிட்டு உங்கள் கையில் கொடுத்தேன். அவர்களில் திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

"சரிங்க மேடம்."

அன்றைக்கப்புறம் இருவர் மட்டும் இருந்தபோதும் நான் மேடம்தான். உங்கள் வாயிலிருந்து அம்மிணி வரவில்லை. எனக்கு அது புரிந்தது. புரிந்தும், பரவாயில்லை, அலுவலகம் ஒழுங்காக நடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செங்கோடன் அப்புறம்தான் நம்மிடம் வந்தான். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன். பட்டறை வாசலில் இருவர் குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்கள், விலக்கப் போனான், அதில் ஒருவன் விழுந்து மண்டை உடைந்து செத்துப்போனான். செத்தவனைத் தள்ளியது இவனும் சேர்ந்துதான் என்று வழக்கு. கொலை வழக்கென்பதால் தொண்ணூறு நாள். ஏற்கெனவே பஞ்சுத் தூசு தின்ற நெஞ்சு அவனுக்கு. நீங்கள் முதல் தடவை பார்த்துவிட்டு வந்தபோதே சொன்னீர்கள், ஆள் பேசுவதைவிட இருமுவதுதான் அதிகம், இவன் உள்ளே ரொம்ப நாள் தாங்க மாட்டான் என்று. தாங்க மாட்டான் என்பது நம் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அந்தத் தொண்ணூற்று ஒன்றாம் நாளை நீங்கள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவன் பெண்டாட்டி பாவாயியிடம் ஜாமீன்தாரர் இரண்டு பேரையும் காகிதங்களையும் தயாராக வைத்துக்கொண்டு அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருந்தீர்கள்.

அந்த நாளில் நான் கோயம்புத்தூரில் இருந்தேன். மற்ற மாவட்டத்துத் தலைமை வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு. ஓர் அலுவலகத்தை எப்படி மேற்பார்வை செய்வது என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டிய அந்த விதியை நான் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தேன் அண்ணா. அதைத் திரையில் போட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள். போன் சத்தத்தை அடைத்துப் பைக்குள் போட்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்திலும் ஆளாளுக்கு வந்து பாராட்டினார்கள், நானும் நின்று பேசிக்கொண்டே இருந்தேன். பையைத் திறந்தபோது மணி ஐந்தாகப் போகிறது. உங்கள் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு செய்தி. குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்று மட்டும்.

இப்போது என் கையில் இருக்கிற தாளின் பின்பக்கத்தை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் எழுதியதுதான்.

"12.10 மனு தயார். மேடம் கையெழுத்து இல்லை. 12.15 போன், எடுக்கவில்லை. 1.40 போன். 2.20 போன். பாவாயி வெளியே உட்கார்ந்திருக்கிறது, இன்னும் சாப்பிடவில்லை. 3.35 நானே கொண்டு போனேன். 3.25க்கு வந்துவிட்டது."

பத்து நிமிஷம்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து சுவரில் இருந்த அந்த விதியைக் கிழித்துப் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் காரியம். பசை மட்டும் சதுரமாகச் சுவரில் நின்றது. நீங்கள் உள்ளே வந்ததும் அதைப் பார்த்தீர்கள். நான்தான் கேட்டேன், அதுவும் எப்படிக் கேட்டேன் என்றால், குற்றம் சாட்டுகிற மாதிரி. நீங்களே போட்டிருக்கலாமே, ஏன் போடவில்லை என்று.

நீங்கள் என் எதிரே உட்கார்ந்து, மேசை மேலிருந்த காகிதப் பளுவை உருட்டிக்கொண்டே பதில் சொன்னீர்கள். அந்தக் குரல் எனக்கு மறக்கவில்லை.

"போட்டிருக்கலாமுங்க. இன்னொரு மெமோ வந்தா வேல போயிருமேன்னு நெனச்சேன். பொண்ணு காலேஜுல படிக்குது. நெனச்சுக்கிட்டே மூணு மணி நேரம் உக்காந்திருந்திட்டேன். உங்க தப்பு உங்களோட. இது என்னோட தப்பு அம்மிணி."

மறுபடி அம்மிணி என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேனே தவிர, வேறொன்றும் செய்யவில்லை.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. யார் பொறுப்பு, ஏன் தவறியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் நீங்களே எழுதிக் கொண்டுவந்து வைத்தீர்கள். ரிமாண்ட் நாளைச் சேர்க்காமல் எண்ணிவிட்டேன், அதனால் மறுநாள்தான் தொண்ணூற்று ஒன்று என்று நினைத்தேன், இது என் கவனக்குறைவு என்று. கீழே உங்கள் கையெழுத்து. நாள் எண்ணுவதில் ஒரு தடவைகூடத் தப்பாத மனிதன் எழுதிய பொய். நான் அதைப் படித்தேன். இது பொய் என்று எனக்குத் தெரியும். அதன்மேல் "மேலனுப்பப்படுகிறது" என்று எழுதி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் போட மட்டும் எனக்குத் தாமதம் ஆகவில்லை.

செங்கோடனுக்குச் சாதாரண ஜாமீன் இரண்டு தடவை கேட்டோம். இரண்டும் தள்ளுபடி. ஐந்தாவது மாதம் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்தான் உங்களுக்குப் போன் செய்து சொன்னார், முடிந்துவிட்டது என்று. விசாரணை அப்போது ஆரம்பிக்கவே இல்லை. அடுத்த வருஷம் அதே வழக்கில் மற்றவனை விடுதலை செய்தார்கள். தள்ளியது யார் என்று தான் பார்க்கவில்லை என்று, கண்ணால் பார்த்ததாகச் சொன்ன சாட்சியே சொல்லிவிட்டான். செங்கோடன் உயிரோடு நின்றிருந்தால் அவனையும் விட்டிருப்பார்கள். தீர்ப்பில் அவன் பெயருக்கு எதிரே இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனது என்று ஒரு வரி.

பாவாயி கோர்ட்டுக்கு வந்த அந்த நாளைத்தான் என்னால் நினைக்க முடிவதில்லை. செங்கோடன் காரியம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். நாம் இருவரும் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் வந்துகொண்டிருந்தோம். யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள், வக்கீல் நாள் கணக்கைத் தப்பாக எண்ணிவிட்டதால்தான் புருஷன் வெளியே வரவில்லை என்று. நேரே வந்து உங்கள் முன்னால் குனிந்தாள். இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். உங்கள் கறுப்புக் கோட்டு, முகம், மீசை எல்லாம் மண்.

"எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குடா இந்த வேல? உம் பொண்டாட்டியும் என்னாட்டம் தாலியறுத்து நடுரோட்டுல நிக்கோணும்."

சுற்றிலும் கூட்டம். நான் உங்கள் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நின்றேன். அவள் கையில் இன்னும் மண் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது என் பக்கம் திரும்பியிருக்கும். நான் சொல்லவில்லை. நீங்கள் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளிடம், "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டீர்கள். அவள் உட்கார்ந்து கத்திக் கத்தி அழுதாள். உள்ளே வந்து முகம் கழுவியபோது நான் துண்டு கொடுத்தேன். திட்டட்டும் விடுங்கள், அது திட்டாமல் வேறு யார் திட்டுவது என்றீர்கள். மண் விழுந்த கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு மத்தியானம் வாதாடப் போனீர்கள்.

உங்களுக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. அந்த விளக்கக் கடிதம் கோப்பில் இருந்ததால் கிடைக்கவில்லை. நான் பரிந்துரை எழுதினேன், நன்றாகவே எழுதினேன், ஆனால் உண்மையை எழுதவில்லை. கடைசி நாளில் காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாரேன் அம்மிணி" என்று போனீர்கள். அதற்கப்புறம் எட்டு மாதம்தான். பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. நான் வந்தேன் அண்ணா. மாலை போட்டேன். உங்கள் வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தித்தான் அடிக்கடி பேசுவாரு" என்று சொன்னார்கள். என்ன பேசுவார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்ததுதான். அப்படியிருக்க அந்தத் தாளைப் பார்த்ததும் ஏன் அப்படி ஆனேன் என்று யோசித்தேன். உங்களிடம் சாட்சி இருந்திருக்கிறது. மணி வாரியாக, உங்கள் கையால் எழுதிய சாட்சி. விளக்கம் கேட்டபோது இதை எடுத்து நீட்டியிருந்தால் போயிருப்பது நான். நீங்கள் அதைக் கம்பியில் குத்திவிட்டுப் பொய்யை எழுதப் போயிருக்கிறீர்கள். அத்தனை வருஷ வக்கீலுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தே செய்திருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபம்கூட வந்தது எனக்கு. யார் கேட்டது இந்தப் பெருந்தன்மையை?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உங்களுக்குத் தெரியும், நான் வருஷத்துக்கு ஒரு தடவை போவதே பெரிசு. முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் வயதானவர், தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். முடித்ததும் ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் நீ எங்கிட்ட சொல்லிட்டம்மா. அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியா?"

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு ஜலகண்டாபுரம் பஸ் ஏறினேன். தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது. பேசினால் காதில் விழாது. பாவாயி ஒரு பட்டறையின் ஓரத்தில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. நான் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன். சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, வெட்கக்கேடு. அவர் எண்ணியது சரிதான், மனு மத்தியானமே தயார், என் கையெழுத்துக்காக நின்றது, கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது என்று விதி போட்டவள் நான், பழியை அவர் எடுத்துக்கொண்டார், நான் விட்டுவிட்டேன். தாளைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பட்டறையில் வேலை செய்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். "பாவாயி வெளியே உட்கார்ந்திருக்கிறது, இன்னும் சாப்பிடவில்லை" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். மறுபடி அதை மட்டும் வாசிக்கச் சொன்னாள்.

நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். நான் காத்திருந்தேன். அந்தத் தரையெல்லாம் பஞ்சுத் தூசும் மண்ணும்தான் அண்ணா. அவள் கை அதன்மேல்தான் இருந்தது. வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த வக்கீலு செத்துப்போனாருன்னு கோர்ட்டுல சொன்னாங்க. நாந் தூத்துன மண்ணுதான் அவர எடுத்துக்கிச்சுன்னு இருக்கறனுங்க. தூக்கமே இல்லீங்க. அவரு ஊட்டம்மா இருக்கறது எங்கீங்க?"

சொன்னேன். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"நீங்க வராதீங்க."

அவ்வளவுதான். திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் பஸ்ஸுக்கு எங்கே மாற வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் எழுந்து சேலையில் ஒட்டிய தூசைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

மேலிடத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன், தாளின் நகலை வைத்து. பதில் இன்னும் வரவில்லை. என்னை அனுப்பினாலும் அனுப்புவார்கள், அனுப்பட்டும். உங்களுடைய அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செத்தவர்களுக்கு அதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் எழுந்து நின்று பதில் சொல்வேன். அதற்கு மட்டும் இன்னும் வாய் இருக்கிறது.

பாவாயி போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அக்கா போன் செய்தார்கள். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அழுததாம். விட்ட வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றதாம். நான் சொன்னதையும் அப்படியே சொன்னதாம். அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார்கள். பிறகு போன் நின்றுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"எங்கிட்டயும் எண்ணறதுல தப்பிப் போச்சுன்னுதான் சொன்னாரு. சாகற வரைக்கும் அதையேதான் சொன்னாரு. அவருக்குத் தப்பாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க ஒருக்கா வந்து சொல்லியிருந்தா, நான் நெனச்சத நானே நம்பியிருப்பேன்."

வைத்துவிட்டார்கள். நான் திரும்பக் கூப்பிடவில்லை.

மேல்மாடி அறை நன்றாகத்தான் இருக்கிறது அண்ணா, காற்று வருகிறது. பரமத்தி வேலூர் மண்டிக்கு ஆள் அனுப்பி அதே காலண்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன். பெயர்களை இப்போது நான் எழுதுகிறேன். என் எழுத்து உங்கள் எழுத்து மாதிரி சின்னதாக வரமாட்டேன் என்கிறது, தேதியையே மறைக்கிறது. திவ்யா சிரிக்கிறாள். கம்பியை என் மேசை மேலேயே, எனக்கு எதிரே வைத்திருக்கிறேன். அதில் உங்கள் தாள் ஒன்றுதான். வேறொன்று சேராமல் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற வேலை.

இன்று காலைத் தாளில் ஒரு பெயர் இருந்தது. ராசிபுரத்துக்காரன், அறுபத்தொன்றாம் நாள். நான் பத்தரைக்கு வந்து சேர்ந்தபோது திவ்யா கோர்ட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். மனுவைக் கொடுத்துவிட்டு எண் வாங்கிவிட்டாளாம். என்னிடம் கேட்கவில்லை.

அவளை உட்காரச் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.